மரமல்லியின் வெள்ளைப் பாதி

என் படங்களைப் பற்றி அண்ணன் ஒருநாளும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியதும் இல்லை. திட்டியிருந்தாலாவது பார்த்திருக்கிறான் என்று தேற்றிக்கொண்டிருப்பேன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரே வீட்டில் இருந்தபோது, நான் கரியில் வரைந்து வைத்த தூங்குமூஞ்சி மரத்தின் மேல் காபி டம்ளரை வைத்துவிட்டு அவன் பேப்பர் படிப்பான். ஆயில் பேஸ்டலில் செம்மயில்கொன்றை வரைந்துகொண்டிருந்தால், "கையெல்லாம் அழுக்கு, போய் கழுவு" என்பான். அவ்வளவுதான் விமர்சனம்.

தங்க வயலில் அப்பாவுக்குச் சுரங்க வேலை போன பிறகு எங்களை பெங்களூருக்கு அழைத்து வந்து கரைசேர்த்தவன் அவன். அவன் சொல்லுக்கு எங்கள் குடும்பத்தில் தனி எடை உண்டு. எனக்கு ஐம்பது வயதாகிறது, ஒரு பள்ளிக்கூட ஆபீசில் நான் பேசினால் நாலு பேர் நடுங்குவார்கள். ஆனாலும் அவன் வாயால் ஒரு "பரவாயில்லையே" வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடுதான்.

ஹெப்பகோடி பக்கம் அவன் புது ஃபிளாட் வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்கு என் தெரு முனையில் நிற்கும் மரமல்லியை வாட்டர் கலரில் வரைந்து கொடுப்பது என்று முடிவு செய்தேன். வாட்டர் கலரில் வெள்ளைப் பெயின்ட்டைத் தொடக்கூடாது என்பது என் பிடிவாதம். எதெல்லாம் வெள்ளையோ, அங்கெல்லாம் பிரஷ் படாமல் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். மரமல்லிப் பூவோ சுத்த வெள்ளை. அதனால் பூவை நான் வரையவில்லை, பூவைச் சுற்றியிருந்த இலையையும் நிழலையும் வரைந்தேன். இடது பாதியில் மரம். வலது பாதி முழுக்க மார்கழிப் பனி, அதாவது வெறும் காகிதம். அதில் உதிர்ந்துகொண்டிருக்கும் இரண்டே பூக்கள், ஓரத்தில் லேசான சாம்பல் நிழலோடு. அந்தப் பாதி சரியாக வருவதற்காக எத்தனையோ தாள்களைக் கிழித்துப் போட்டேன். கை தவறினால் அழிக்க வழியில்லாத வேலை அது.

ஃபிரேம் போடாமல்தான் கொடுத்தேன். அவர்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி அவர்களே போட்டுக்கொள்ளட்டும் என்ற பெருந்தன்மை. "வெச்சிட்டுப் போ பாப்பா, அப்பறம் பாக்கறேன்" என்றான் அண்ணன்.

அடுத்த மாதம் போனபோது படம் ஹாலிலேயே மாட்டியிருந்தது. ஒரு நொடி எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். தங்க நிற ஃபிரேமுக்குள் மரம் மட்டும் இருந்தது.

"மீதி எங்கண்ணா?"

"இன்னா மீதி? ஓ, அந்தப் பக்கமா? அங்க இன்னா இருந்துச்சு, காலியா கெடந்துச்சு. இன்டீரியர் பண்ண வந்த டிசைனர் மேடம்தான் கட் பண்ணிடலாம்னாங்க. பாரு, ஏசிக்கும் கதவுக்கும் நடுவுல கரெக்ட்டா உக்காந்துச்சு."

அண்ணி என் முகத்தைப் பார்த்துச் சமாதானம் சொல்ல வந்தார். "பூவுக்கு நீ கலரே அடிக்கலியேம்மா. முடிக்க டைம் இல்ல போலன்னு நெனச்சோம். கேட்டா நீ சங்கடப்படுவேன்னுதான் ஒண்ணும் கேக்கல."

வெட்டிய பாதி குப்பைக்குப் போய்விட்டதாம். என் கையெழுத்தும் அதில்தான் இருந்தது. கத்தியிருக்க வேண்டும். கொடுத்த கேசரியைத் தின்றுவிட்டு, திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

கொஞ்ச நாளில் அண்ணனே போன் செய்தான். பெட்ரூமுக்கு இன்னொரு படம் வேண்டுமாம். "அளவு வாட்ஸ்அப்ல அனுப்பறேன். இந்த வாட்டி ஃபுல்லா அடிச்சுடு பாப்பா, காலி வெக்காதே."

சரி என்றேன். அவனைக் கேலி செய்வதற்காகவே வரைந்தேன். கேன்வாஸில் அக்ரிலிக். சாலையோரம் பூக்கும் ரோஸ் நிற மரம் ஒன்று, டியூபைப் பிதுக்கிக் கொத்துக் கொத்தாக அப்பிய பூக்கள், பெயின்ட் கடை அட்டையில் இருக்கும் நீலத்தில் வானம். ஓரம்வரை ஒரு இடம் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் முடித்து எடுத்துப் போனேன். இதையாவது அவமானமாக உணர்கிறானா பார்ப்போம் என்று நின்றேன்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். கிட்டே போய்ப் பார்த்தான். தள்ளி நின்று பார்த்தான். பூக்களைத் தடவிப் பார்த்தான். என் படம் ஒன்றை அவன் அப்படிப் பார்த்து நான் பார்த்ததே இல்லை.

"இப்பதாம்மா உனக்குக் கை வந்திருக்குது" என்றான். "அப்பா இருந்து இத பாத்திருக்கணும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.