யாமினியின் கணக்கில் தீபிகா

வில்லங்கச் சான்றிதழ் ஒன்று தேவைப்பட்டது. போன வாரம் திருப்போரூர் பஸ் ஸ்டாண்ட் அருகே இருக்கும் செல்வியின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் வெப்சைட் திறந்துவிட்டது. என் ஈமெயில், பாஸ்வேர்டு எல்லாம் தானாக வந்து கட்டங்களில் நிரம்பின. செல்வி என்டரைத் தட்டினார். உள்ளே போயாச்சு!

என் பாஸ்வேர்டு என்ன என்று என்னைக் கேட்டால் தெரியாது. செல்விக்கும் தெரியாது. அவருடைய கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். பட்டா, ஸ்காலர்ஷிப், பாஸ்போர்ட்... ஊரில் பாதிப் பேருடைய பாஸ்வேர்டு அந்த ஒரு மெஷினுக்குள் இருக்கிறது.

விவரம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். நியாயம்தான். ஆனால் செல்வியின் நிலைமையையும் பாருங்கள். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிடுகிறார்கள். "பாஸ்வேர்டு இன்னாண்ணா?" என்று கேட்டால், "நீதானம்மா போட்டுக் குடுத்த, என்னைக் கேக்கற?" என்கிறார்கள். அவர்தான் என்ன செய்வார்? 'சேவ் செய்யட்டுமா?' என்று மெஷின் கேட்கும்போதெல்லாம், 'செய்' என்று அழுத்திவிடுகிறார்.

அன்று சர்வர் படுத்திக்கொண்டிருந்தது. என் விண்ணப்பம் பாதியில் நின்றது. சரி, கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கலாம் என்று ஓரமாக உட்கார்ந்தேன்.

அப்போதுதான் ஏழுமலை வந்தார். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. பர்மிஷன் போட்டுவிட்டு யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தார். கூடவே மகள் தீபிகா. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு எந்தக் காலேஜ், எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்திக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அழுதாலும் திறக்காது.

தீபிகாவுக்கும் கணக்குத் தொடங்கிக் கொடுத்தவர் செல்விதான். கவுன்சலிங் பக்கத்தைத் திறந்தார். கட்டங்கள் நிரம்பின. என்டர்.

வருகிற பெற்றோருக்குக் கண் தெரிய வேண்டுமே என்று செல்வி எழுத்தை நன்றாகப் பெரிதாக்கி வைத்திருப்பார். நல்ல எண்ணம்தான். காலேஜ் பெயர்களெல்லாம் பஸ் போர்டு மாதிரி பளிச்சென்று தெரிந்தன. ஆனால், வலது மூலையில் மாணவியின் பெயர் இருக்குமே... அது மட்டும் திரைக்கு வெளியே போய்விட்டது.

"அக்கா, ஏற்கெனவே லிஸ்ட் ஒன்னு இருக்கே?" என்றாள் தீபிகா.

"எல்லாம் உங்க சித்தப்பன் வேல" என்றார் ஏழுமலை. "நேத்து அந்த பாஸ்வேர்டு சீட்ட வாங்கி வச்சிகினு போன்ல இன்னாவோ நோண்டிகினு இருந்தான். யாரு கேட்டாங்க அவன? அல்லாத்தையும் அழி!"

"ஆமாம்மா, அழிச்சிட்டுப் புதுசாப் போடறதுதான் தெளிவு" என்று நானும் பெரிய மனுஷத் தோரணையில் ஒரு வார்த்தை சேர்த்தேன். யார் கேட்டார்கள் என்னை?

தீபிகா ஒவ்வொன்றாக அழித்தாள். அப்பாவும் மகளும் பேசிப் பேசித் தங்கள் வரிசையைப் போட்டார்கள். செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் முதலில். சேவ் செய்தார்கள். ஏழுமலை நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

செல்வியின் போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, நான் யாமினி. இப்போ உங்க கடையில லிஸ்ட் போட்டுட்டு வந்தேனே... அத்த மாத்தி சேவ் பண்ணிட்டதா மெசேஜ் வந்துகீதுக்கா! நான் பஸ்ல இருக்கேன், ஒன்னுமே பண்ணலக்கா!"

கோவளத்துப் பெண். நான் வருவதற்குச் சற்று முன்னால் இதே நாற்காலியில் உட்கார்ந்து லிஸ்ட் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

செல்வி எழுத்தைச் சிறிதாக்கினார். திரையின் வலது மூலையில் பெயர் எட்டிப்பார்த்தது. யாமினி.

ஒரே வெப்சைட்டில் எத்தனை பேருடைய கணக்கைச் சேமித்து வைத்தாலும், கடைசியாக உள்ளே போனவர் யாரோ அவருடையதைத்தான் அந்த மெஷின் முதலில் எடுத்து நீட்டுமாம். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்கு என்ன தெரியும்?

"அப்போ... நாம அழிச்சது?" என்றார் ஏழுமலை.

தீபிகாவின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு பொண்ணு படிப்புல மண்ணப் போட்டுட்டேனே" என்று செல்வி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். எதிர்ப்பக்கம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது.

ஏழுமலைதான் முதலில் தெளிந்தார்.

"தீபிகா, அழுதுகினு இருக்காத. அந்தப் பொண்ணுத மொதல்ல போடு. உன்னுத அப்பால பாத்துக்கலாம்."

"அப்பா, சர்வர் வேற..."

"போடுன்றேன்ல."

தீபிகாவே கீபோர்டை இழுத்துக்கொண்டாள். "யாமினி, லிஸ்ட் கையில இருக்கா?" என்று கேட்டாள்.

"வோணாம், மனப்பாடம். தூக்கத்துலகூட அதான் ஓடிகினு இருக்குது."

"சரி, மொதல்ல?"

பஸ் இரைச்சலுக்கு நடுவே யாமினி சொன்னாள். செங்கல்பட்டுப் பக்கத்து அதே காலேஜ். அதே கம்ப்யூட்டர் சயின்ஸ்.

தீபிகாவின் விரல் நின்றது. ஏழுமலை மகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இருக்கிற சீட்டுகளில் கடைசி ஒன்று மிஞ்சினால் அது இவளுக்கா, அவளுக்கா? அந்த யோசனை அந்தச் சின்னக் கடைக்குள் எங்கள் எல்லோருக்கும் ஒரு நிமிஷம் வந்து போனது. வரவில்லை என்றால் பொய்.

தீபிகா அதை முதல் இடத்தில் போட்டாள். "போட்டுட்டேன். அடுத்தது சொல்லு."

நடுவில் சிக்னல் போனது. திரும்ப வந்தது. ஒவ்வொரு காலேஜையும் படித்துக்காட்டி, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் தீபிகா அடுத்ததற்குப் போனாள். கடைசியில் சேவ்.

"மெசேஜ் வந்திருச்சி!" என்று கத்தினாள் யாமினி. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள். "யாருங்க டைப் பண்ணது? உன் பேர் இன்னா?"

"தீபிகா."

"நீ எத மொதல்ல போட்டுகீற?"

"இன்னும் போடல. போட்டா... உன்னுதேதான்."

"அப்போ அங்க பாக்கலாம்" என்றாள் யாமினி.

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டு, கதவுப் பக்கம் போய் நின்றார்.

அதன் பிறகு அந்தக் கணக்கை மூடிவிட்டு, தீபிகாவின் கணக்கைத் திறந்தோம். மேலே இருந்த பெயரை நான்கு பேரும் சேர்ந்து சத்தமாகப் படித்தோம், பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல. சாயங்காலம் மூடுவதற்குள் அவளுடைய லிஸ்ட்டும் உள்ளே போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை. இரண்டு பேருக்கும் கிடைக்க வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு பெண்களுக்காக இப்படி வேண்டிக்கொண்டிருக்கிறேன்!

யோசித்துப் பார்த்தால், நாம் எல்லோரும் இப்படித்தானே? கட்டம் தானாக நிரம்பியதும் என்டரைத் தட்டிவிடுகிறோம். யாருடைய கதவு திறந்தது என்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

சான்றிதழ் வேலை பாக்கி இருந்ததால் நேற்று மறுபடி செல்வியிடம் போனேன். வெப்சைட் திறந்தது. கட்டங்கள் காலியாக இருந்தன.

"அல்லாத்தையும் அழிச்சிட்டேன் சார்."

"என்னுதையுமா?"

"உங்களுதும்தான். புது பாஸ்வேர்டு போட்டுக்கலாம், நீங்களே உங்க போன்ல வச்சிக்கங்க."

பிறகு, வருஷக்கணக்காக எனக்கு வேலை செய்துகொடுக்கும் செல்வி, கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"உங்க பேரு இன்னா சார்?"

சொன்னேன்... இனிஷியலோடு!