வெள்ளத்துக்கு மறுவாரம்

மதியம் மூன்று பத்துக்கு எங்கள் தெருமுனை பேக்கரிக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். பந்த் அன்றுகூடப் பின்கதவு வழியாக ரொட்டி விற்கிற மனிதர் அவர். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மீதியையும் இறக்கிப் பூட்டினார். "வூட்டுக்குப் போங்க சார். மெயின்ரோட்ல பஸ்மேல கல்லு வுட்றாங்களாம்" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

1991 டிசம்பர். காவிரித் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களும் முறைத்துக்கொண்டிருந்த நேரம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் நாங்கள் குடிவந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அலுவலகத்தில் அன்று மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நானும் மனைவியும் இருந்தோம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் இல்லை. பள்ளிக்கு விடுமுறை விட்டும் ஜெயநகருக்குக் கணக்கு டியூஷன் போயிருந்தாள். "காலைலேர்ந்து எல்லாம் அமைதியாத்தானே இருக்கு" என்று சொல்லி அனுப்பியவன் நான்.

டியூஷன் வாத்தியாருக்குப் போன் செய்தேன். "மூணு மணிக்கு முன்னாடியே விட்டுட்டேன் சார். பஸ் ஏறிருப்பா. ஏனூ ஆகல்ல, வந்துடுவா" என்றார், கன்னடமும் தமிழுமாக. ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்ன அவசரமே எனக்குச் சரியாகப் படவில்லை.

பஸ் ஏறியிருந்தால் அது எங்கோ வழியில் நிற்கும். நின்றால் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட்டால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே நிற்பாள். அப்படித்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அந்தப் பாடம் ஒரு பழைய நாவலிலிருந்து வந்தது. நான் ஹைஸ்கூல் படித்தபோது வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. என் அக்கா வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, முடிந்ததும் காலிகோ அட்டை போட்டு பைண்ட் செய்து வைத்தாள். அப்போது பல வீடுகளில் அப்படித்தான் நாவல்கள் இருந்தன. முன்பக்கத்தில் கதையும் பின்பக்கத்தில் பாதிச் சமையல் குறிப்போ தலைவலித் தைல விளம்பரமோ இருக்கும்.

ஆற்றங்கரை ஊரில் ஒரு பெண். இரவில் வெள்ளம் வருகிறது. "நான் படகு கொண்டுவரும் வரைக்கும் மாடியை விட்டு இறங்காதே" என்று சொல்லிவிட்டு அப்பா போகிறார். அவள் தனியாக நிற்கிறாள். மாடிப்படிகள் ஒவ்வொன்றாக மூழ்குகின்றன. கடைசிப் படியைத் தண்ணீர் தொடும் இடத்தில் அந்த வாரம் முடிந்துவிடும். மறுவாரத்து இதழை எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் ரயிலில் படிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வரவில்லை. அதனால் பைண்டில் அந்த அத்தியாயம் கிடையாது. அடுத்த பக்கத்தில் அந்தப் பெண் முகாமில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அப்பா வந்து காப்பாற்றினார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். சொன்ன சொல்லை நம்பிப் பொறுத்திருந்தால் பிழைக்கலாம் என்று எனக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னேன். கலவரத்துக்கு முந்தைய கோடை விடுமுறையில் மகளிடம் புத்தகத்தைக் கொடுத்தபோதும் சொன்னேன். அவள் தரையில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அப்பா, இந்தப் பொண்ணுக்கு மூளையே இல்லையா?"

"ஏன்?"

"பக்கத்து மாடியில ஆளுங்க இருக்காங்கன்னு மொதல்லயே வருதே. கூப்பிட வேண்டியதுதானே?"

"அவங்களுக்கும் இவங்களுக்கும் பேச்சே இல்ல. வாய்க்கால் தண்ணித் தகராறு. அதுவுமில்லாம அப்பா வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். வந்தார்."

"வந்தார்னு எங்க போட்டிருக்கு? அந்த வாரம்தான் இல்லையே."

"அடுத்த வாரம் உயிரோட இருக்கா இல்ல? அப்ப வந்தார்னுதானே அர்த்தம்?"

"பக்கத்து வீட்டுக்காரங்க தூக்கி விட்டாங்கன்னும் அர்த்தம்தான்." பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "இங்க ஒரு வெண்டைக்கா புளிக்கொழம்பும் பாதியில நிக்குது. அதையும் நீங்களே முடிச்சு வெச்சிடுங்க."

சமையலறையிலிருந்து மனைவி சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. "கதை எப்படியோ போகட்டும். நீ எங்க மாட்டிக்கிட்டாலும் நின்ன இடத்த விட்டு நகரக் கூடாது. நான் வருவேன். புரியுதா?"

"சரிப்பா."

அந்த 'சரிப்பா'தான் அன்று பிற்பகல் முழுவதும் என்னைத் துரத்தியது.

வருவேன் என்று சொன்னவன் போயாக வேண்டும். ஸ்கூட்டரை எடுத்தேன். அப்போதுதான் அதன் நம்பர் பிளேட் கண்ணில் பட்டது. ஓசூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய வண்டி. பெங்களூர் வந்த பிறகு கர்நாடகப் பதிவுக்கு மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான். வீடு இங்கே, ரேஷன் கார்டு இங்கே, வண்டி மட்டும் தமிழ்நாடு.

ஸ்பானர் எடுத்துப் பிளேட்டைக் கழற்ற உட்கார்ந்தேன். போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. ஸ்பானர் நழுவி விரலைக் கிழித்தது.

"என்னாங்க பண்றீங்க?" மனைவி வாசலுக்கு வந்தாள்.

"நம்பர கழட்டறேன்."

"நம்பர் இல்லாத வண்டிய போலீஸ்காரன் புடிப்பான். நம்பர் இருக்கற வண்டிய அவனுங்க கொளுத்துவானுங்க. அப்புறம் நான் ரெண்டு பேரத் தேடணும்." சொல்லிவிட்டு அவளே வந்து ஸ்பானரைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் திருகியும் வரவில்லை.

நடந்தே கிளம்பினேன். எதிர்வீட்டுத் தையற்காரர் தமிழில் எழுதிய தன் பலகைமேல் பழைய பெட்ஷீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். மெயின்ரோட்டில் டயர் எரிந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர் லத்தியை நீட்டி, "ஹோக்ரி, மனெகெ ஹோக்ரி" என்று வீட்டுக்கு விரட்டினார். மகள் என்று கன்னடத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லத் தெரிந்த வார்த்தைதான். அந்த நேரத்தில் அது தமிழாகவே வாயில் வந்து நின்றது. விழுங்கிவிட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்குள் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் போனுக்கும் நடந்தேன். அவள் சொன்னபடி நிற்பாள், அவள் நல்ல பெண் என்று ஒரு நிமிடம் நினைப்பேன். அடுத்த நிமிடம், கடவுளே, இன்று மட்டும் என் பேச்சைக் கேட்காமல் இருக்கட்டும் என்று வேண்டுவேன். அலமாரியில் அந்த பைண்ட் புத்தகம் இருந்தது. எடுத்துப் பிரித்தேன். கடைசிப் படியில் தண்ணீர். அடுத்த பக்கம் கஞ்சி. நடுவில் தையல் நூல் மட்டும் தெரிந்தது.

"அதுல என்ன தேடறீங்க?" என்றாள் மனைவி. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மறுபடியும் வாசலுக்குப் போனேன்.

வருடங்கள் போய்விட்டன. பிள்ளைகளுக்கு எந்தப் பழைய நாவலைக் கொடுக்கலாம், அதில் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று இப்போதும் நண்பர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நிறையப் படித்தவன் என்று ஒரு நினைப்பு அவர்களுக்கு. கொடுங்கள் என்கிறேன். கூடவே உட்கார்ந்து பாடம் சொல்லாதீர்கள் என்கிறேன். சண்டை போட்டுக்கொண்டு படித்தால் விட்டுவிடுங்கள். நாம் கோடு போட்ட வரியை அவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். நமக்குக் கிடைக்காத பக்கத்தை அவர்களாக எழுதிக்கொள்வார்கள். அதில் என்ன எழுதினார்கள் என்பது நமக்கு உடனே தெரியாது. அதுவரை வாசலுக்கும் போனுக்கும் நடக்க வேண்டியதுதான். இதைச் சொல்லும்போது இப்போதும் அன்று ஸ்பானர் கிழித்த என் வலதுகை விரல் தானாக மடங்கிக்கொள்கிறது.

அன்று இருட்டத் தொடங்கும்போது கேட் கிறீச்சிட்டது. மனைவிதான் முதலில் ஓடினாள். முன்பின் தெரியாத ஓர் அம்மாள், என் வயதுதான் இருக்கும், மூச்சு வாங்க நின்றிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு என் மகள். தலை நிறையக் கனகாம்பரம், நெற்றியில் அந்த அம்மாளுடையதைப் போலவே பெரிய குங்குமம். பூ வைத்துக்கொள்ள மறுத்து அம்மாவோடு தினமும் சண்டை போடுகிறவள்.

"அப்பா, வில்சன் கார்டன்கிட்ட பஸ்ஸ நிறுத்திட்டாங்க. நான் அங்கயே நிக்கலப்பா" என்றாள், திட்டு விழும் என்று நினைத்தவள்போல. "எதிர்ல இருந்த வீட்டுக் கதவத் தட்டிட்டேன். அவங்க வீட்ல போன் இல்ல. கூட்டம் கலையட்டும்னு வெச்சிருந்தாங்க. வழியெல்லாம் அவங்க பொண்ணுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க."

அந்த அம்மாளைப் பார்த்துக் கைகூப்பினேன். அவர் என் கைகளைப் பார்க்காதது போலச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நிம்ம மகளு எங்க கதவ ஒடச்சே போட்டிருப்பா சார். நான் ஸ்டவ்வ அணச்சிட்டு வர்றதுக்குள்ள தட்டறா, தட்டறா, தட்டிக்கிட்டே இருக்கா. ஒரு தடவ தட்டினாலே தெறப்போம்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க."