எண்ணாமல் வைத்த கையெழுத்து

நான்கு வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம் இது. போன புரட்டாசியில், ஒரு சனிக்கிழமை காலை 6.10க்கு வவுனியாவில் பஸ் ஏறினேன். கிளிநொச்சிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 310 ரூபா எடுத்தார்கள், 8.05க்கு இறங்கினேன். வலப்பக்க யன்னலோரம் மட்டும் இருந்துவிடாதீர்கள், வெயில் முகத்தைப் பதம் பார்த்துவிடும்.

ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்பு கிளிநொச்சியில் ஒரு விவசாயிகள் சங்கத்தின் விதைநெல் களஞ்சியத்தில் வேலை செய்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் நூறு நெல் எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, ஏழாம் நாள் முளைத்ததை எண்ணி, மூட்டையின் அட்டையில் கையெழுத்து வைப்பது என் பொறுப்பு. சாக்கை விரித்ததும் எழும் அந்த வாசத்துக்கு இன்றைக்கும் ஏங்குகிறேன். அப்படியொரு வேலை எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

ஒரு மாரிக் காலபோகத்தில் எல்லோரும், மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் தூவும் புழுதி விதைப்புக்கு அவசரப்பட்டார்கள். மூன்றாம் நாளே, சாக்கை விரித்தும் பார்க்காமல், கையெழுத்தை வைத்துவிட்டேன். அந்த நெல் பாதிகூட முளைக்கவில்லை. மழை பிந்தியதுதான் காரணம் என்று சங்கம் சொன்னது. எனக்கும் அது வசதியாக இருந்தது. அடுத்த வருடம் வேலையை விட்டு வவுனியாவுக்கு வந்துவிட்டேன்.

அந்த நெல்லை வாங்கியவர்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் ஸ்கந்தபுரத்துச் சரோஜினி அக்கா. அங்கே போகும் பஸ்ஸைத் தவறவிட்டதால் ஓட்டோ பிடித்தேன். 1,800 ரூபா, அரை மணித்தியாலம்.

"சரோஜினி அக்காவிட்டயோ? விதைநெல் பாக்கவோ போறியள்?" என்றார் ஓட்டோக்காரர். "இப்ப எங்கட பக்கத்திலை அவா எண்ணிப் பாக்காமல் ஒருத்தரும் விதைக்கிறேல்லை."

காசைக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டு வாசலில் இறங்கினேன்.

அக்கா விறாந்தையில் சாக்கை விரித்து வைத்துக்கொண்டு முளை எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளே தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டுக் கதிரையைக் காட்டினார். இருக்க மனம் வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் தம்பி. அட்டையிலை உங்கட பேர்தானே கிடந்தது. அந்த வருசம் நாங்கள் அரிசி கடையிலை வாங்கித்தான் சாப்பிட்டனாங்கள்."

"பிறகேன் அக்கா சங்கத்திலை சொல்லேல்லை?"

"நீங்கள் வருவியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். அந்த மாரி முழுக்கப் பாத்தனான்."

அவர் குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். எண்ண வேண்டிய சாக்கு இன்னும் இரண்டு கிடந்தது. ஒன்றை எண்ணித் தரட்டுமா என்று கேட்டேன். எவ்வளவு ஆசையாகக் கேட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

"வேண்டாம் தம்பி, நான் எண்ணுறன். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

குடித்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: புரட்டாசியில் வெயில் கடுமை, தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோங்கள். திரும்பி வரும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வையுங்கள். என்னைப்போல் ஒரு பிழையைச் சொல்லத்தான் போகிறீர்கள் என்றால், அந்த மாரியிலேயே போய்விடுங்கள்.