ரத்தத்தில் தண்ணீர் கலக்கப் பார்த்தவன்

முதலில் வந்தது காய்ச்சல் இல்லை, நாற்றம். காலையில் காறித் துப்பினேன். மூன்று நாள் வாளியில் கிடந்து புளித்த ரப்பர் பால் மாதிரி சளி நூலாக இழுத்தது. என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே குமட்டியது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். மலாக்காவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி, பிறகு லோரி ஓட்டி, இன்று மெர்லிமாவில் ஆறு லோரிக்கு முதலாளி. அறுபத்தெட்டு வயதிலும் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலையைத் தூக்கி லோரியில் எறிவேன். என் டிரைவர்களைக் கேட்டுப் பாருங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நோயில் என்னைப் போன்ற உடம்புக்காரர்கள்தான் ஏமாந்து போகிறோம்.

அதே வாரம் என் மனைவி பிலோமினாவுக்கும் இருமல். அவள் இருமினால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். எனக்கோ லேசான சூடுதான். இருவருக்குமே கோவிட். அவளைக் காட்டத்தான் மலாக்கா பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம், நான் வெறும் காரோட்டி. அங்கே இருவர் கையிலும் ரத்தம் எடுத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் டாக்டர் வந்தார். நம் தமிழ்ப்பிள்ளை.

“ஆன்ட்டி வீட்டுக்குப் போலாம். அங்கிள், நீங்க வார்டுல படுக்கணும்.”

“மாத்திச் சொல்றீங்கம்மா. இருமுறது அவ. குழாய மாத்திட்டாங்க போல, நல்லா பாருங்க லா.”

“உங்க அடையாள கார்டு ஐசி நம்பரப் பாத்துத்தான் பேரு ஒட்டியிருக்கு அங்கிள்.”

பொறுமையாக விளக்கினார். சிஆர்பி (உடம்புக்குள் அழற்சி ஏறினால் ரத்தத்தில் கூடும் புரதம்) எனக்கு ஏறிக் கிடந்தது. லிம்ஃபோசைட் (கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணு) குறைந்து போயிருந்தது. “இது ஜோசியம் இல்ல அங்கிள். ஆனா இப்படி இருக்கறவங்கள்ல சில பேருக்கு ரெண்டு மூணு நாள்ல மூச்சு கெட்டுப் போகுது. நாங்க பக்கத்துல வச்சுப் பாக்கணும்.”

“நான் நல்லாத்தான் இருக்கேன்.”

பிலோமினா இருமலுக்கு நடுவே சிரித்தாள். “ஆறு லோரி முதலாளி சொன்னா ரத்தம் கேட்டுக்குமா? போய்ப் படுங்க.”

சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுக்கத் தாள் கேட்டேன். டாக்டர் உடனே கொடுக்கவில்லை. “நாளைக்குக் காலைல மறுபடி எடுப்போம். சிஆர்பி நல்லபடியா இறங்கியிருந்தா வீட்டுக்கு அனுப்பறதப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் இருங்க.” மகன் வந்து பிலோமினாவை அழைத்துப் போனான்.

வார்டு எனக்கு அருவருப்பாக இருந்தது. எதிர்க்கட்டிலில் ஒருவர் சளியை டம்ளரில் சேர்த்து வைத்திருந்தார். சோற்றில் மருந்து வாடை. இந்தக் கூட்டத்தில் நான் ஒருவனா என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அப்போதுதான் தோட்டத்து ஞாபகம் வந்தது.

பால் எடை கூடுவதற்காக வாய்க்கால் தண்ணீரைக் கலந்து ஸ்டோருக்குக் கொண்டுபோவோம். கிராணி (தோட்டத்துக் கணக்கர்) அதில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார். தண்ணீர் கலந்திருந்தால் எண் இறங்கிவிடும், மாட்டிக்கொள்வோம். அன்று அந்த எண் இறங்கியதற்கு வசவு வாங்கினேன். இன்று எனக்கு எண் இறங்கத்தானே வேண்டும்?

விடிந்ததும் நர்ஸ் வருவதற்குள் நாலு பெரிய போத்தல் தண்ணீரை முட்ட முட்டக் குடித்தேன். வயிறு பானையாக நின்றது. கையை நீட்டும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டேன். படித்தவர்களுக்குத் தெரியாத வித்தை என்று நினைப்பு.

சிஆர்பி முதல் நாளைவிட இரண்டு மடங்கு ஏறியிருந்தது.

மத்தியானம் மூச்சு போயிற்று. ஓடி இளைப்பது போல இல்லை. இழுக்கிறேன், உள்ளே ஒன்றும் வரவில்லை. முகத்தில் ஆக்சிஜன் மூடியை வைத்து அழுத்தினார்கள். அதற்குள் என் எச்சில் நாற்றம் என் மூக்கிலேயே அடித்தது. அந்த நேரம் பார்த்து, குடித்த தண்ணீரெல்லாம் மூத்திரமாக வெளியே வந்தது. எழுந்து போக முடியவில்லை. படுக்கை முழுக்க நனைந்தது.

என் பேத்தி வயதுள்ள மலாய் நர்ஸ் துடைத்துவிட்டு டயப்பர் கட்டினாள். “தக் அபா, பாக்சிக்” என்றாள். பரவாயில்லையாம், மாமாவாம். எனக்குப் பரவாயிருந்தது. என் உடம்பை ஒரு சாக்கடை மாதிரி வெறுத்தேன். அதைவிட என் புத்தியை.

டாக்டரிடம் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அங்கிள், ரத்தம் ரப்பர் பால் இல்ல. அவ்வளவு தண்ணிய ஒரே மூச்சுல குடிச்சா உப்புச் சத்து இறங்கி ஃபிட்ஸ் வந்திருக்கும். கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருந்தீங்கன்னா இந்நேரம் எங்க இருந்திருப்பீங்க?”

மெர்லிமாவ் சாலையில், லோரியை நானே ஓட்டிக்கொண்டு. அதை வாய்விட்டுச் சொல்ல மூச்சில்லை.

ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) ஏற்றினார்கள். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி. நாள் முழுக்கக் குப்புறப் படுக்க வைத்தார்கள். குலை எறிந்த கையால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. சிஆர்பி எண் இறங்கத் தொடங்கியபோது எனக்கு ஒரு சுகமும் தெரியவில்லை. மறுநாள்தான் மூச்சு கொஞ்சம் உள்ளே இறங்கியது. பதினோராம் நாள் வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் தண்ணீர்க் கதையைச் சொன்னேன்.

என்னைப் போல வீம்பு பிடித்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு எண்ணைப் பார்த்துச் செத்தோம் என்று பயப்படாதீர்கள். நன்றாக இருக்கிறேன் என்று உடம்பு சொல்வதை மட்டும் நம்பி எழுந்தும் போகாதீர்கள். உடம்பு அதை எனக்குச் சொன்ன நேரத்தில் உள்ளே வேறு வேலை நடந்துகொண்டிருந்தது. ரத்தத்துக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய ஒரு நாள் பிடித்தது. இப்போதும் நான் என் உடம்பின் பின்னால்தான் நடக்கிறேன். மாடிப்படி ஏறினால் எனக்கு முன்னாலேயே அது மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது.

போன வாரம் மறுபரிசோதனை. ரத்தம் எடுத்து முடித்து பெஞ்சியில் உட்கார்ந்திருந்தோம். பிலோமினா பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினாள்.

“குடிக்கிறீங்களா? நாலுதான் கொண்டாந்தேன்.”

பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் பார்த்தார்கள். தாகம் இருந்தது. ஆனாலும் கை நீளவில்லை.

“கோவமா? உடம்பு எப்படி இருக்கு?” என்றாள்.

நல்லாத்தான் இருக்கேன் என்று வாய் வரை வந்தது. ரிசல்ட் வரட்டும் என்று விழுங்கிக்கொண்டேன்.