இரைப்பையைச் சுருக்கியது சிறுநீரகத்துக்காக

முதலில் நுரையைத்தான் கண்டேன். ஹட்டன் பஸ் நிலையத்துக் கழிப்பறையில் சிறுநீர் நுரைத்து நின்றது. தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. யாரோ சோப்புத்தூள் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டிலும் அதே நுரை வந்தபோது அப்படி நினைக்க முடியவில்லை.

நான் மலைநாட்டில் பொகவந்தலாவைக்கும் ஹட்டனுக்கும் இடையே பஸ் ஓட்டுகிறவன். அப்போது வயது நாற்பத்து நான்கு, எடை நூற்று முப்பத்தொரு கிலோ. பிரஷருக்கு மாத்திரை எடுத்தேன். சர்க்கரை இல்லை. முழங்கால் வலிக்கு பார்மசியில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை நோயாகவோ மருந்தாகவோ நான் கணக்கில் வைக்கவில்லை.

மனைவி புஷ்பம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். ஒரு மாலை என் காலைப் பார்த்துவிட்டு, "செருப்பு வாரு அப்படியே பதிஞ்சிருக்குங்க. இது வெறும் அலுப்பு இல்ல" என்றாள். மறுநாள் கிளினிக்குக்குப் போனோம்.

அங்கிருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. சோதனைத் தாளை இரண்டு தடவை பார்த்தார்.

"சிறுநீரில புரதம் போகுது, அதுதான் நுரை. இவ்வளவு பெரிய உடம்புக்கு ஈடுகுடுக்கச் சிறுநீரகம் அளவுக்கு மிஞ்சி வேலை செய்யுது. இரத்தத்தை வடிக்கிற அந்த வடி பழுதானா இப்பிடித்தான் ஒழுகும்."

"எனக்குச் சர்க்கரை இல்லைங்களே டொக்டர்?"

"எடையும் பிரஷரும் போதும். நீங்கள் வாங்கிப் போடுற அந்த முழங்கால் நோ மாத்திரையளும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இண்டைக்கே விடுங்கோ."

ஒரு வருடம் மருந்தும் உணவுக் கட்டுப்பாடுமாகப் போனது. ஆறு கிலோ குறைந்தேன், ஏழு கிலோ கூடினேன். புரதம் ஓரளவுக்கு மேல் குறையவில்லை. அப்போதுதான் டொக்டர் இரைப்பைச் சுருக்க அறுவை (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மீதியைக் குழாய்போல் விடும் சிகிச்சை) பற்றிச் சொன்னார்.

புஷ்பத்துக்குக் கோபம் வந்தது. "நல்லா இருக்கிற வயித்த எதுக்குங்க வெட்டணும்?"

டொக்டர் கோபிக்கவில்லை. "இப்பிடியே விட்டா ஒரு காலத்தில டயலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல்) வரைக்கும் போகலாம். வெட்டினாக் கட்டாயம் தப்புவார் எண்டு நான் சொல்லமாட்டன். தப்புற வாய்ப்புக் கூடும்."

கட்டாயம் என்று சொல்லாததால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

கண்டியில் அறுவை நடந்தது. வயிற்றில் ஐந்து சிறு துளைகள். நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதுவரை எல்லாம் சரி. அதற்குப் பிறகு நான் செய்த தவறை, இதே சிகிச்சைக்குப் போகிறவர்களுக்காக மறைக்காமல் எழுதுகிறேன்.

பஸ்காரனுக்குத் தண்ணீர் குடிக்கும் பழக்கம் இல்லை. குடித்தால் வழியில் இறங்க வேண்டும். இப்போது இரண்டு மிடறுக்கு மேல் குடித்தால் குமட்டியது, வாந்தி வந்தது. தாகமும் இல்லை. அதனால் விட்டுவிட்டேன். பிரஷர் மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கினேன். அறுவை முடிந்த ஒன்பதாம் நாள் எழுந்தபோது வாசல் சுழன்றது.

"நேத்துலருந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போனீங்க?" என்று புஷ்பம் கேட்டாள்.

"ஒரு தடவ. பால் ஊத்தாத பிளேன்டீ மாதிரி இருந்துச்சு."

அவள் வேலைக்குப் போட்ட சேலையோடே முச்சக்கர வண்டி பிடித்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. உடம்பில் நீர் வற்றி, எதைக் காப்பாற்ற வயிற்றை வெட்டினேனோ அதையே நான் காயப்போட்டிருந்தேன். நீர் வற்றிய உடம்பில் பிரஷர் மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம், அதை நிறுத்திச் சேலைன் ஏற்றினார்கள். மூன்று நாள் எண் இறங்கவில்லை. அந்த மூன்று நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். நான்காம் நாள் இறங்கியது.

கிளினிக் டொக்டர் பார்க்க வந்தார். "தாகம் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தனீங்களோ?"

"வரவே இல்லைங்க டொக்டர்."

"இனி அதை நம்பாதேங்கோ. மணிக்கூட்டைப் பார்த்துக் குடியுங்கோ. ஒரு நாள் குடிச்சது தங்காட்டி, அடுத்த நாளுக்குக் காத்திராமல் இங்க வாங்கோ."

மூன்று மாதத்தில் மீண்டும் பஸ் ஓட்டினேன். மணி பார்த்துத் தண்ணீர் குடித்ததால், வழியில் நோர்வூட்டில் சிறுநீர் கழிக்க நிறுத்தி இறங்கும்போது ஆரம்பத்தில் பயணிகள் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

ஒரு வருடத்தில் எடை தொண்ணூற்று மூன்று. புரதம் மிகவும் குறைந்துவிட்டது, முற்றாக நிற்கவில்லை. கிரியேட்டினினும் குறைந்ததைக் கண்டு நான் சிரித்தபோது டொக்டர் தடுத்தார். தசை கரைந்தாலும் அந்த எண் குறையுமாம். வேறொரு இரத்தச் சோதனையும் செய்து பார்த்துவிட்டுத்தான், "பழுதானது திரும்பாது. மிச்சம் நிலையா நிக்குது" என்றார். இந்த அறுவைக்குப் பின் சிறுநீரகக் கல் வரக்கூடும் என்பதால் அதையும் பார்க்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். முன்பு ஓய்வு பெறும் வயதுவரை யோசிப்பேன். இப்போது அடுத்த சோதனைத் தாள் வரும்வரைதான் யோசிக்கிறேன். அது அவ்வளவு குறுகிய காலமாகத் தெரியவில்லை.

வயிற்றுத் தோல் தொங்குகிறது. கண்ணாடியில் தெரிபவன் முகம் ஒடுங்கி என் அண்ணனைப்போல் இருக்கிறான். எனக்குக் குளிரவும் செய்கிறது. இந்த மலையிலேயே பிறந்து, விடியற்காலையில் வெறும் பனியனோடு பஸ்ஸைக் கழுவியவன் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலுக்கு வெயில் வரும்வரை காத்திருக்கிறேன். "இவ்வளவு வருசமா நாங்க எல்லாம் இப்படித்தான் நடுங்கிக்கிட்டு இருந்தோம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, புஷ்பம் தன் ஸ்வெட்டரை எனக்கு மாட்டிவிட்டாள். அது எனக்குச் சரியாக இருந்தது.