ஞாயிற்றுக்கிழமைக் கண்ணாடி

2024 பிப்ரவரி 7, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். எங்கள் தெருவுக்கு அன்று குடிதண்ணீர் முறை என்பதால் முதலில் குடங்களை நிரப்பினேன். இட்லி ஊற்றி, கணவருக்கு மதியச் சாப்பாடு கட்டிவிட்டு, எட்டரைக்கு மருந்துக்கடையைத் திறந்தேன். இன்சுலின் வைத்திருக்கும் பிரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்துக் குறித்தேன். பத்து மணிக்குக் கடைப்பெண் வந்ததும் பொறுப்பை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, கண்ணாடிக்கடை பாயின் ஆம்னி வேனில் ஏறினேன்.

என்னோடு கல்லூரியில் படித்தவர்கள் சிலரும் நானும் சேர்ந்து, கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை செய்து கண்ணாடி வாங்கிக் கொடுத்து வருகிறோம். லென்ஸ் வெட்டிப் பொருத்துவது பாயின் வேலை. கூலி வாங்க மாட்டார். எட்டயபுரம் தாண்டி, விளாத்திகுளம் சாலையில் உள்ள ஓர் ஊரில் பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறன்று அங்குள்ள கிறிஸ்தவக் கோயிலில் வைத்து இருபத்து மூன்று பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தோம். அந்த ஊர்ச் சபையின் உபதேசியார் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளைக் கோயில் வாசலில் நிறுத்திப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். ஒவ்வொரு படத்திலும் இருபத்து மூன்று முகங்களிலும் கண்ணாடி இருக்கும். நண்பர்களுக்கு அதை அனுப்பும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிரேம் தளர்ந்திருந்தால் முடுக்கிக் கொடுக்கலாம் என்று பாய் திருப்புளிகளை எடுத்து வந்திருந்தார். பள்ளிக்குப் போய்ப் பார்த்தால் முடுக்குவதற்கு ஒன்றுமில்லை. ஒரு பிள்ளை முகத்தில்கூடக் கண்ணாடி இல்லை.

கண்ணாடிகள் எங்கே என்று கேட்டதும் தலைமையாசிரியை என்னை வியப்போடு பார்த்தார். "நீங்க குடுத்துட்டீங்களாம்மா? நான் இன்னும் வரலன்னுல்ல நினைச்சிட்டு இருந்தேன்!"

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியிடம் கேட்டேன். "கண்ணாடிய எங்க பிள்ள?"

"வீட்ல இருக்கு மிஸ். ஞாயித்துக்கெழம போடுவோம்."

"தெனமும் போடணும்னு சொன்னோம்லா?"

"கிறிஸ்மஸ் சட்டைய தெனமுமா போடுவாவ?" என்றாள். வகுப்பே சிரித்தது.

பாய் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஊரெல்லாம் இப்படிப் போட்டா ஒரு பிரேமும் தேயாது. எங் கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுத்துணி எடுத்தால் கோயிலுக்கு முதலில் உடுத்தி, பிறகு நல்ல நாளுக்கென்று மடித்து வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். விலை கூடிய பொருள் எதுவானாலும் அப்படித்தான். கண்ணாடியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த நேரத்தில் ஒரு தாய் வராந்தாவில் வந்து நின்றார். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். தோட்ட வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் அவருக்கு ஒரு மகள். திங்கட்கிழமை முதல் மகளை மிளகாய்ப் பழம் பறிக்கக் கூட்டிப் போகப் போவதாகவும், இனிப் பள்ளிக்கு வரமாட்டாள் என்றும் சொல்ல வந்திருந்தார்.

"படிப்பு ஏறல டீச்சர். என்ன செய்யச் சொல்லுதிய? கூறுகெட்ட பிள்ள. நம்ம டவுன் பஸ்ஸு வந்தா சும்மா நிப்பா. நிக்காத எக்ஸ்பிரஸுக்குக் கை காட்டுவா. இவளுக்குப் பரிச்ச ஒண்ணுதான் கொறச்சலு."

இருபத்து மூன்று பேரில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. பவர் கூடியவள் என்பதால் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"கண்ணாடி போடுதாளாம்மா?" என்றேன்.

"பத்திரமா இருக்குக்கா. ஒரு கீறல் கெடயாது. சந்தேகம்னா வாங்க, காட்டுதேன்."

அவர்கள் வீடு பள்ளிக்குப் பின்தெருவில் இருந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு எல்லாரும் போனோம். பீரோவைத் திறந்து, கல்யாணச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் ஒரு துணி, துணிக்குள் டப்பா, டப்பாவுக்குள் கண்ணாடி. பாய் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எங் கடையில கூட இவ்வளவு சுத்தமா இருக்காது" என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கு மாட்டிவிட்டார்.

சாலைக்கு வந்தோம். அங்கே மரம் குறைவு. கரிசல் காடு இருபுறமும் தட்டையாகக் கிடக்கும். வருகிற பஸ் வெகுதூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். எட்டயபுரம் பக்கமிருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, அது எந்த பஸ்ஸு?" என்றார் தாய், சோதிக்கிற மாதிரி.

"விளாத்திகுளம். கீழ சின்னதா ஒரு அட்டை வச்சிருக்கு. 'மகளிர் கட்டணமில்லை.' நம்ம டவுன் பஸ்ஸுதாம்மா."

தாய் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். பஸ் நெருங்கி வந்தபிறகுதான் அவரால் வாசிக்க முடிந்தது. பெண் சொன்னது அப்படியே இருந்தது. அது போனபின் இன்னொரு பஸ் வந்தது. அதையும் வாசித்தாள். எதிர்த் திசையில் வந்த பால் வண்டியின் பெயரையும் சேர்த்து வாசித்தாள். யாரும் கேட்காமலே வாசித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கே தெரியலயேட்டி" என்றார் தாய்.

"நீயும் ஒருநாள் கடைக்கு வாம்மா" என்றார் பாய்.

தாய் அதைக் காதில் வாங்கவில்லை. "அப்பம் கிளாஸ்ல போர்டுல எழுதிப் போடுதது?" என்று மகளைக் கேட்டார்.

"தெரியாதும்மா. பக்கத்துல இருக்கவ நோட்டப் பாத்து எழுதுவேன். அவ லீவு போட்டா எழுதமாட்டேன்."

"இத ஏன்ட்டி எங்கிட்டச் சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நினைச்சேன்."

தாய் மகளின் மூக்கில் சரிந்த கண்ணாடியை ஏற்றிவிட்டார். பிறகு என்னிடம், "தெனமும் போட்டு ஒடஞ்சா என்னக்கா செய்ய? வேற வாங்க எங்களுக்கு வழியில்லை" என்றார்.

"வேற தருவோம். ஆளுக்கு ஒண்ணு கூடுதலா செஞ்சு டீச்சர்கிட்டயே குடுத்து வைக்கிறோம். ஒடஞ்சா அன்னைக்கே வாங்கிக்கலாம்."

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரைக் கேட்காமல் சொன்ன வாக்கு அது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தாய் இடுப்பிலிருந்து போனை எடுத்து, மிளகாய்த் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகிறவரை அங்கேயே கூப்பிட்டார். "அண்ணாச்சி, திங்கக்கெழம நான் மட்டுந்தான் வாரேன். எம்மவ வரமாட்டா. இல்ல, காய்ச்சல்லாம் இல்ல. அவ படிக்கா."

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றாமலே வகுப்புக்கு ஓடினாள். தலைமையாசிரியை சொல்லி அனுப்பியதும், பள்ளி விடுவதற்குள் மற்ற பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்த் தங்கள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மாலையில் பஸ் நிறுத்தத்தில் ஒரே கூச்சல். யார் முதலில் வாசிப்பது என்று போட்டி. சாயங்கால வெயிலில் இருபத்து மூன்று ஜோடி லென்ஸ் மின்னியதைப் பார்த்தபோது எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினேன். பாய் தட்டவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்தித் திருகுகளை முடுக்கிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலையில் வேறெதையும் தொடுவதற்கு முன், பாயின் கடைக்குப் போய் இருபத்து மூன்று பேரின் பவர் சீட்டுகளையும் அவர் மேசையில் வைத்தேன். அந்தப் பெண்ணுடையதை மேலே வைத்திருந்தேன்.