கோகோ பிறந்த மேட்டில்

என் வீட்டுக்காரர் தேவானந்தத்துக்குத் தோட்டத்தை விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குக்கூட நிம்மதியாகப் போகத் தெரியாது. அவரை ஈக்வடார் வரை வரவைத்தது எங்கள் மகள் லின்சியின் சாமர்த்தியம். அங்கே வேலை பார்க்கிறவள், "கோகோவ உலகத்துலயே மொதல்ல வளத்த எடம் இங்கதான் இருக்குதுங்கப்பா" என்று போனில் சொன்னாள். மனுஷன் மறுநாளே பாஸ்போர்ட் எடுக்க ஓடினார்.

ஆனைமலையில் தென்னைக்கு நடுவே நாங்கள் போட்டிருப்பதும் கோகோதான். பாதிக் காயை அணில் தின்னும், மீதி மழையில் அழுகும். விலை ஒரு வருஷம் கூரையில் ஏறும், மறு வருஷம் குப்புற விழும். காய் உடைத்து உடைத்து என் விரல்கள் மடங்குவதில்லை. வெட்டிவிடலாம் என்று நான் கெஞ்சாத வருஷமில்லை. "இந்த ஒரு வருசம் பாத்துப்போடலாம் டெய்சி" என்பார். எனக்கு அலுத்துவிட்டது.

வால்பாறை வளைவெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டது ஈக்வடாரின் மலைப்பாதை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது இடுப்பு கழன்றிருந்தது. பார்த்தால், ஆற்றோர மேட்டில் சுருள் சுருளாகக் கல் வரிசை. அவ்வளவுதான். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தியதாம். மண்ணுக்குள் கிடைத்த கிண்ணத்தில் கோகோ ஒட்டியிருந்ததாம். சுற்றிக்காட்டிய பெண் ஸ்பானிஷில் சொல்லச் சொல்ல, லின்சி தமிழில் சொன்னாள்.

இவர் மரத்தைத் தேடினார்.

"அந்தக் காலத்து மரம் ஒண்ணுகூட இல்லீங்களா?"

இல்லையாம்.

"வளத்தவங்க?"

போய்விட்டார்களாம்.

"ஏனுங்க, எதுக்கு உட்டுப்போட்டுப் போனாங்க?"

அது யாருக்கும் தெரியாது என்றாள் அந்தப் பெண்.

இவர் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறும்வரை கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொதல்ல வளத்தவங்களே போதும்னு போயிட்டாங்க டெய்சி" என்றார். பிறகு, "வேலனக் கூப்புட்டு வெட்டச் சொல்லிப்போடு."

மனசு மாறுவதற்குள் போனைப் போட்டேன். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலன் நம்பவில்லை. "எல்லாத்தையுமாங்கம்மா?"

"கெணத்துப் பக்கம் ஒரு வரிசை மட்டும்..." என்று இவர் இழுத்தார்.

"எல்லாத்தையும் வெட்டிப்போடு வேலா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷம்தான் வரவில்லை. சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"கை குடு டெய்சி" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அன்றுதான்.